மரக்கறி நண்பர்கள்

மேல்பிரிவு,
ஹாலிஎல.
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகள் தனுஜாவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் தான் சுகமில்லை என்று தனியாக எழுதச் சொல்கிறது, எழுதிவிட்டேன். நீ போனில் ஒவ்வொரு முறையும் நல்லா இருக்கேன் அம்மா என்று ஒரே ராகத்தில் சொல்கிறாய். அந்த ராகம் மாறாமலிருக்கக் கதிர்காமத்தானைக் கும்பிட்டுக்கொண்டு இதை எழுதத் தொடங்குகிறேன். கையில் போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இதைப் போனில் சொன்னால் நீ சமைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாய், பக்கத்தில் சதீசன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பார். இதை நீ மட்டும் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். காரணம் கடைசியில் இருக்கிறது, உன் பழக்கப்படி முதலில் அங்கே தாவாதே.

உங்கள் கல்யாண விஷயத்தைச் சதீசனின் அப்பா சிவராசா ஐயாவின் காதில் போடச் சொல்லி நம் கோயில் தலைவர் இராமையா மாமாவைப் பதுளைக்கு அனுப்பினோம் அல்லவா, அவர் என்ன பதில் கொண்டுவந்தார் என்பதை உனக்கு நான் பாதிதான் சொன்னேன். ஐயா நாற்காலி போட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினாராம். தேயிலைத் தோட்டத்து ஆக்களில எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனா நாங்கள் பரம்பரையாச் சுத்த சைவம், அவை என்னத்தைச் சாப்பிடினம் எண்டு ஆருக்குத் தெரியும், நாளைக்கு என்ர பேரப்பிள்ளையின்ர வாயில என்ன போகுமோ என்றாராம். மாமா இதைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எனக்குக் குனிய ஒன்றுமில்லை. நம் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி. மற்ற நாளில் கருவாடு கிடைத்தால் கருவாடு, கிடைக்காவிட்டால் கருவாட்டின் நினைவு. இதை யாருக்கும் மறைத்ததில்லை. ஆனால் தோட்டத்து ஆட்களிடம் குறையில்லை என்று தொடங்கும் ஒரு வாக்கியம் எங்கே போய் முடியும் என்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே பாடம். அன்று நீ போனில் அழாமல், சரி அம்மா பாப்போம் என்று சொன்னாயே, அழுதிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்து இறங்கியது. நகரத்து ஆட்களும் தோட்டத்து ஆட்களும் ஒரே மைதானத்தில் விறகடுப்பு மூட்டிச் சமைத்தால் ஒற்றுமை கொதித்து வந்துவிடும் என்று அவர்கள் எங்கேயோ கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் கோயில் மைதானத்தைக் கேட்டார்கள், இராமையா மாமா மச்சம் மாமிசம் உள்ளே வரக்கூடாது என்றார், அவர்களும் அதற்கென்ன, எல்லோரும் சாப்பிடக்கூடிய மரக்கறிப் போட்டியாகவே வைத்துவிடுவோம் என்றார்கள். அதை மூன்று மொழியிலும் பேனர் அடித்துக் கட்டினார்கள். மற்ற இரண்டு மொழியில் என்ன இருந்ததோ, தமிழில் 'மரக்கறி நண்பர்கள் வெளிப்புறச் சமூக சமைத்தல்' என்று இருந்தது. லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, யாரை வெளியே வைத்துச் சமைக்கப் போகிறார்கள் என்று என்னிடம் வந்து கேட்டன. உன் இராக்கம்மா அத்தை, மரக்கறிக்கு நண்பர்னா கத்திரிக்கா வந்து நம்மகிட்ட கைகுடுக்குமா என்றாள். விறகடுப்புப் போட்டிக்கு முதல் பரிசு என்ன தெரியுமா, ஒரு ரைஸ் குக்கர். லயத்தில் மின்சாரம் வந்து வந்து போவதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டு நான் ஒதுங்கியிருப்பேன். ஆனால் தலைமை நடுவர் யார் என்று அறிவித்தார்கள் பார், சிவராசா ஐயா. சைவச் சாப்பாட்டுக்கு இந்த மாவட்டத்தில் அவரை விட்டால் நாக்கு கிடையாதாம். அன்று பின்னேரமே உன் அத்தை வந்து என் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள். லோகா, இதவிட நேரம் வாய்க்காது, அந்த மனுசன் நம்ம கையால ஒரு வாய் தின்னு நல்லாருக்குன்னு மைக்குல சொல்லிட்டா அப்புறம் எந்த வாயால வேணாம்பாரு என்றாள். எனக்கும் அது சரியென்று பட்டது. ரைஸ் குக்கர் யாருக்கு வேண்டும், அந்த ஒரு வாய்தான் வேண்டும். ஆக உன் கல்யாணத்தை ஒரு சட்டியில் ஏற்றி வைத்தோம் என்று வைத்துக்கொள். அத்தை தீமிதிக்குக் காப்புக் கட்டி விரதத்தில் இருந்தாள், ருசி பார்க்கக்கூட மாட்டேன் என்றாள், ருசி பார்ப்பது என் வேலை, சமைப்பது அவள் வேலை என்று பிரித்துக்கொண்டோம். பிஞ்சுப் பலாக்காயை வறுத்த தூள் போட்டுக் கெட்டிப் பாலில் வற்ற விடுவாளே, நீ சோற்றை மறந்துவிட்டு வெறும் கறியாகத் தின்பாயே, அதுதான்.

போட்டி அன்று தெமோதரைப் பக்கத்திலிருந்து ஏறிய பனி மைதானத்தை விட்டு இறங்கவேயில்லை. நகரத்து மாதர் அணி வேனில் வந்து இறங்கியது. எல்லோருக்கும் ஒரே நிறச் சேலை, நடுவில் ஐயாவின் மனைவி குணமணி அக்கா. நல்ல முகம், சதீசனின் முகம் அங்கேயிருந்துதான் வந்திருக்கிறது. என்னை இன்னார் என்று இராமையா மாமா காட்டியதும் தூரத்திலிருந்தே சிரித்தார். ஐயாவோ என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்து, பெட்டையின்ர தாய் வரேல்லையோ, தமக்கையைத்தான் அனுப்பினவையோ என்றார். நான்தான் தாய் என்றேன். அதையும் அவர் நம் குடும்பத்தின் குறைகளில் ஒன்றாகக் குறித்துக்கொண்டது போலத்தான் தெரிந்தது. நகரத்து அணியின் அடுப்பு பற்றவில்லை. ஈர விறகை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு ஊதி, சேலைகள் ஒரே நிறத்தில் கறுத்தன. அத்தை பாவம் பார்த்து ஒரு கட்டு மிலாறு கொண்டுபோய்ச் செருகி நெருப்பு வைத்தாள், காய்ந்த தேயிலைக் கிளை அல்லவா, குப்பென்று பிடித்தது. ஒரு அம்மா, எப்பிடி அக்கா உடன பத்தினது என்று கேட்க, மிலாறு பத்தாம வேற என்னத்தம்மா பத்தும், எங்க வயிறா என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த அம்மா அதை ஏதோ தோட்டத்துச் சொல்வழக்கு என்று நினைத்துத் தலையாட்டினார்.

நம் அடுப்புக்கு அடுத்த அடுப்பில்தான் குணமணி அக்கா வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார், சீனிச் சம்பல். இறக்குகிற நேரம் கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு கரண்டி போட்டுக் கிளறினார். மூன்றாவது பக்கத்தில் நான் நின்றேன். கண் பட்டதும், மிளகுத்தூள் என்றார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். நானும் ஆமாங்க அக்கா என்றேன். அந்த நேரம் பார்த்துக் காற்று இந்தப் பக்கம் திரும்பியது. மிளகுக்கு அந்த வாசம் கிடையாது பிள்ளை. நம் வீட்டில் மேல் தட்டில் இறுக மூடி வைத்திருப்பேனே, நீ தேங்காய்ச் சம்பலுக்கு அள்ளி அள்ளிப் போட்டு என்னிடம் ஏச்சு வாங்குவாயே, அந்த மாசி. நன்றாக இடித்துச் சலித்த மாசிக்கருவாட்டுத் தூள். நான் திரும்பிக்கொண்டு தேங்காய்ப் பாலைப் பிழிந்தேன். பிழிந்து முடித்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தேனாம், அத்தை சொன்னாள்.

பிறகு நடந்ததைக் கேள். எந்தச் சட்டி யாருடையது என்று தெரியக்கூடாதென்று தட்டுகளை வாழையிலையால் மூடி இலக்கம் போட்டு மேடையில் வைத்தார்கள். மைக் ஸலீம் நானாவுடையது, அவருக்குப் பதுளைக் கடைவீதியில் கருவாட்டுக் கடை, கோயில் கச்சேரி என்றால் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடுவார். ஐயா நம் பலாக்காய்த் துண்டொன்றை வாயில் வைத்தார், மென்றார், இன்னும் கொஞ்சம் மென்றார், எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, அடுத்த நிமிடம் அவர் கைக்குட்டையை எடுத்து அதில் துப்பினார். உது இறைச்சி என்றார். மைக் வாய்க்கு நேரே இருந்தது. கீழ் லயம் வரைக்கும் கேட்டிருக்கும். காப்புக் கட்டின இடத்தில, கோயில் மைதானத்தில இறைச்சி, இந்த ஆக்களை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது என்று அதற்கு மேலும் இரண்டு வார்த்தை. இலக்கம் போட்ட தட்டுத்தான், ஆனால் இந்த ஆக்கள் எந்த ஆக்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. உன் கல்யாணச் சட்டி கவிழ்ந்தது என்று நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

உன் அத்தை நிற்கவில்லை. மேடைக்கு ஏறிப்போய் இரண்டு கையையும் அவர் மூக்குக்கு முன்னால் விரித்தாள், மணிக்கட்டில் மஞ்சள் காப்பு, விரல் முழுக்கக் கறுத்துக் காய்ந்த பலாப்பால். கையப் பாருங்க ஐயா, தேங்கெண்ண போட்டுத் தேய்ச்சும் போவல, ஆட்டுக்கும் பால் இருக்கு, இப்படி ஒட்டுமா சொல்லுங்க என்றாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கொழும்பு நிறுவனத்துப் பிள்ளையும் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, சேர், இது பொலொஸ் தானே என்று பலாப்பிஞ்சின் சிங்களப் பேரை மெதுவாகச் சொன்னது. யாராயிருந்தாலும் அந்த இடத்தில் சிரித்து மழுப்பிவிட்டுப் போயிருப்பார்கள். ஐயா உத்தியோகம் பார்த்தவர், கையெழுத்துப் போட்டதை மாற்றுகிற வழக்கம் அவரிடம் இல்லை. பலாக்காயாகவே இருக்கட்டும், ஆனா இறைச்சியை நினைச்சுக்கொண்டு சமைச்சிருக்கினம், நினைப்பில மச்சம் இருந்தா அது சைவம் இல்லை என்று நம் தட்டைத் தள்ளிவைத்தார். இத்தனை காலம் தோட்டத்தில் சம்பளத்தைப் பிடித்தார்கள், வேலை நாளைப் பிடித்தார்கள், நினைப்பைப் பிடித்தது இதுதான் முதல் தடவை என்று அத்தை இறங்கி வரும்போது எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

அடுத்த தட்டு சீனிச் சம்பல். ஒரு விரலால் எடுத்து நாக்கில் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சோறு கேட்டு வாங்கிப் பிசைந்து சாப்பிட்டார். பிறகு இன்னொரு தரம். இதுதான் சுத்த சைவத்தின்ர ருசி, என்ர வீட்டுச் சாப்பாடு மாதிரியே கிடக்கு, இதை இவையளும் பழக வேணும் என்று நம் பக்கம் கையைக் காட்டினார். நகரத்து அணிக்கு ரைஸ் குக்கர். குணமணி அக்காதான் போய் அதை வாங்கினார். ஸலீம் நானா மிச்சத்தில் கொஞ்சம் தொட்டு வாயில் வைத்துவிட்டு என்னிடம் குனிந்து, என்ன புள்ள இது, நம்ம கடைச் சாமான் வாசமெல்லோ அடிக்கிது என்றார். நானா, மைக் ஓடுதா என்றேன். நிப்பாட்டிட்டன், யாவாரி வாய் தொறக்கப் படாது என்று மைக்கை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனார். மேசை எனக்குக் கையெட்டும் தூரம். மைக்கும் இருக்கிறது, சனமும் இருக்கிறது, அத்தையின் முகம் அவமானத்தில் சுருங்கிப்போய் எனக்கு எதிரே இருக்கிறது. எடுத்திருப்பேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் குணமணி அக்கா அந்தப் பெட்டியைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அந்தக் கண்ணில் கெஞ்சல் இல்லை, ஒரு களைப்புத்தான். வீட்டில் ஒரே கேள்விக்குப் பல வருஷம் பதில் சொன்ன பெண்களுக்கு வரும் களைப்பு. அதற்கு மேல் என் கை நீளவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு பீலித் தண்ணீரில் சட்டி கழுவப் போனேன். அவர் அங்கே அந்தச் சின்னப் போத்தலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா, வெந்நீர் ஊத்திக் கழுவினாத்தாங்க மாசி வாசம் போகும் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் போத்தலைக் கீழே வைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், சிரிப்பு நிற்க வெகு நேரமானது. கல்யாணமான புதிதில் ஐயா கந்தோரில் கூட வேலை பார்த்த யாரோ சினேகிதர் வீட்டில் சம்பல் சாப்பிட்டுவிட்டு வந்து, உனக்கு மட்டும் ஏன் உப்பிடி வாறேல்லை என்று நாளுக்கு நாள் குத்திக்காட்டியிருக்கிறார். அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டால் இரகசியம் மாசி. சொன்னா அந்த மனிசன் அந்த வீட்டுப் பக்கமே போகாது, சொல்லாட்டி என்னை விடாது, நான் என்ன செய்ய தங்கச்சி, ஒரு கரண்டி போட்டன், அண்டைக்குத்தான் முதல்முதலா நல்லாயிருக்கு எண்டார், அதுக்குப் பிறகு என்னால நிப்பாட்ட ஏலாமப் போச்சு என்றார். ஆக அந்த வீட்டின் பரம்பரைச் சுத்த சைவம் கடலில் பிடிபட்டு, வெயிலில் காய்ந்து, பதுளைக் கடைவீதியில் ஸலீம் நானாவின் கடையிலிருந்துதான் போகிறது. உங்கட ஆளைப் பலாக்காய்க்கு அப்பிடிப் பேசேக்க எனக்கு மண்ணுக்குள்ள போகலாம் போல கிடந்தது, மன்னிச்சுக்கொள்ளும் என்று என் கையைப் பிடித்தார். அந்த ரைஸ் குக்கரை அத்தைக்குக் கொடுக்கச் சொல்லி என்னிடமே தந்துவிட்டார். அத்தை அதில் இப்போது கோழிக்குஞ்சு அடைத்து வைத்திருக்கிறாள், மூடி கண்ணாடியாக இருப்பது வசதியாம்.

போன கிழமை அக்கா போன் எடுத்தார். ஐயா சம்மதித்துவிட்டாராம். எப்படி என்று கேட்டேன். போட்டிக்கு மறுநாளிலிருந்து சம்பலில் ஒன்றும் போடவில்லை என்றார். ஐயா ஒரு வாய் வைத்துவிட்டு ஏன் ருசியில்லை என்றிருக்கிறார். மனம் சரியில்லாட்டி கைக்கு ருசி எங்கால வரும், மகன்ர அலுவல் ஒண்டு முடிஞ்சாத்தானே எனக்கு மனம் சரிவரும் என்று இவர். மனிதர் சில நாள் வீம்பாய் இருந்தார், பிறகு சோற்றைக் குறைத்தார், பிறகு இராமையாவைக் கூப்பிட்டு, பலாக்காயாகத்தான் இருந்திருக்கும், நானும் யோசிச்சுப் பாத்தனான், நல்ல ஆக்கள்தான் என்று சொல்லியிருக்கிறார். அன்று இரவே சம்பல் பழைய ருசிக்கு வந்துவிட்டது. ஊரைக் கூட்டி நம்மைத் தள்ளிவைத்த நாக்கு ஒரு கரண்டி கருவாட்டுக்கு வழிக்கு வந்தது. நானும் அப்பாவும் அன்று சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பிரா வீட்டிலிருந்து சுவரைத் தட்டினார்கள்.

ஆனால் இரவு படுத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பீலியடியில் அக்கா இன்னொன்றும் சொன்னார், அதற்காகத்தான் இந்தக் கடிதம். பிள்ளைகளுக்குத் தெரியுமா அக்கா என்று கேட்டேன். சதீசனுக்குத் தெரியும், சின்னனிலயே கண்டிட்டான், நல்ல பிள்ளை, ஒருத்தருக்கும் சொல்லேல்லை என்றார். அம்மாவுக்காக வாயை மூடிய பிள்ளை நல்ல பிள்ளைதான், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அதே பிள்ளை உன்னிடம் வந்து, எங்கட அப்பா சுத்த சைவம், உங்கட வீட்டுச் சாப்பாடுதான் பிரச்சினை, கொஞ்சம் பொறும் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னபோது அவருக்கு அந்தப் போத்தலைப் பற்றித் தெரிந்திருக்கிறது. மீன் சாப்பிடுவதை விட்டுவிடட்டுமா அம்மா என்று நீ என்னிடம் கேட்டாயே, அன்றும் தெரிந்திருக்கிறது. நீ குறைந்தவள் இல்லை என்று சொல்ல அவருக்கு ஒரு வாய் இருந்தது, அதை அவர் திறக்கவில்லை. சின்ன விஷயமாகவும் இருக்கலாம். சின்னதா பெரியதா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது, நீ அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இத்துடன் வரும் பார்சலில் வறுத்த தூளும், உன் அத்தை கொடுத்த உலர்த்திய பலாக்காயும், இரண்டு போத்தல் சீனிச் சம்பலும் இருக்கின்றன. சிவப்பு மூடியில் மாசி போட்டிருக்கிறது, வெள்ளை மூடியில் இல்லை. இரண்டிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இரண்டையும் அவர் முன்னால் மேசையில் வைத்துவிட்டு, சோற்றைப் போட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேள், உங்கள் வீட்டில் எது என்று. அவர் வெட்கப்பட்டுச் சிவப்பு மூடியைக் காட்டினால் அவரைக் கட்டிக்கொள், பந்தலுக்கு நாள் பார்க்கிறேன். ஏதாவது சாட்டுச் சொல்லி மழுப்பத் தொடங்கினால் சாப்பாட்டை முடித்துவிட்டு எனக்குப் போன் எடு. எப்படியானாலும் உன் அடுப்பில் எந்தப் போத்தலும் கைப்பைக்குள் இருக்கக் கூடாது. குணமணி அக்கா கெட்டிக்காரிதான், ஆனால் ஒரு மனிதருக்குப் பயந்து ஒரு வாழ்நாள் முழுக்கக் கரண்டியை ஒளித்த கெட்டித்தனம் உனக்கு வேண்டாம்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து ஒருவருக்கும் அனுப்பாதே. கதிர்காமக் கந்தனும் நம் மேல்பிரிவு மாரியம்மாவும் உன்னோடு இருக்கட்டும், அவர்கள் இரண்டு பேருக்கும் எல்லாச் சட்டியிலும் என்ன இருக்கிறது என்று தெரியும், அதற்காக யாரையும் மேடையிலிருந்து இறக்கியதில்லை. நீ நிறைய நாள், நிறைந்த மனதோடு, உனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டு வாழ வேண்டும்.

அப்பாவின் முத்தங்களும் சேர்த்து,
உன் அம்மா
லோகேஸ்வரி

மறந்துவிட்டேன்: அவர் வெள்ளை மூடியைக் காட்டினால் ஒன்றும் சொல்லாமல் பொறு. சிவப்பு மூடிப் போத்தலில் யார் கரண்டி முதலில் விழுகிறது என்று பார்த்துவிட்டு எழுது.